அழும் நேரம் கணக்கில் சேராது

நம் வக்கீல் கெட்டவர் இல்லை. தொழிலில் அவருக்கு இருந்த பெரிய குறையே அதுதான். மற்றபடி சட்டம் தெரியும், பத்திரம் எழுதத் தெரியும், எதிராளி எழுதிய பத்திரத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஒரு பார்வையில் கண்டுபிடிக்கத் தெரியும். செய்த வேலைக்கு வாயைத் திறந்து காசு கேட்க மட்டும் தெரியாது. கட்சிக்காரர் யாராவது "எவ்வளவு ஆச்சு சார்?" என்று கேட்டுவிட்டால் போதும், கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி முழிப்பார். "இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது.

இத்தனைக்கும் அவர் தொழில் பழகிய இடம் அப்படிப்பட்டதல்ல. ஊரிலேயே பெரிய வக்கீல் ஆபீஸ் அது. நடத்தியவர் அவருடைய சொந்த மாமனார். கோர்ட்டு வட்டாரத்தில் மாமனாருக்கு "ஆறு நிமிஷம்" என்று பட்டப்பெயர். ஒரு மணி நேரத்தைப் பத்துத் துண்டாக வெட்டி, துண்டுக்கு இவ்வளவு என்று விலை வைத்திருந்தார். கட்சிக்காரர் போன் பண்ணி "சார் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு வைத்தால் அது ஒரு துண்டு. ஏழாவது நிமிஷத்தில் ஒரு தும்மல் போட்டால் இரண்டாவது துண்டு ஆரம்பித்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் தும்மலை அடக்கிக்கொண்டு படியிறங்கி, தெருவுக்குப் போய்த்தான் தும்முவார்கள். பட்டப்பெயர் மாமனார் காதுக்கும் போயிருந்தது. அவர் கோபப்படவில்லை. விளம்பரம் சும்மா கிடைக்கிறதே என்று விட்டுவிட்டார்.

வீட்டிலும் அதே மனிதர், அதே கைக்கடிகாரம். அத்தை, அதாவது நம் வக்கீலின் மாமியார், ஏதாவது பேச ஆரம்பித்தால் மாமனாரின் இடது மணிக்கட்டு தானாகத் திரும்பும். அதைப் பார்த்ததும் அத்தை பேச்சை வேகப்படுத்துவார். அப்படியும் முடியாதென்று தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடுவார். அவரிடம் ஒரு கண்ணாடிக் கதை இருந்தது. கல்யாணமான புதிதில் மாமனார் காலையில் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடுவாராம். யாராவது வீட்டுக்கு வந்தால் அத்தை அந்தக் கதையை எடுப்பார். "அந்தக் கண்ணாடி எங்க இருக்கும்னா..." என்று வரும்போது மணிக்கட்டு திரும்பும். "சரி விடுங்க, உங்களுக்கு நேரமாச்சு" என்று அத்தை எழுந்து போய்விடுவார். அந்தக் கதையின் முடிவை அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்த ஆபீஸில் நம் வக்கீல் பல்லைக் கடித்துக்கொண்டு பல வருஷம் இருந்தார். கடைசியில் ஒரு பில் அவரை வெளியே தள்ளியது. புருஷனைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் உயில் விஷயமாக வந்தார். வந்து உட்கார்ந்ததும் அழ ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. வக்கீல் தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியைக் கூட்டினார், வேறென்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். மாதக் கடைசியில் அந்த அம்மாளுக்குப் போன பில்லில் அந்த அழுகையும் துண்டு துண்டாக ஏறியிருந்தது.

"மாமா, அந்தம்மா அழுதுட்டுத்தான் இருந்தாங்க. நான் ஒரு வேலையும் பண்ணல. சும்மா பாத்துட்டு இருந்தேன்."

"சும்மா பாத்தியா?"

"ஆமா மாமா."

"அப்ப அது மேற்பார்வை. அதுக்கும் அதே ரேட்டுதான்" என்றார் மாமனார், தலையை நிமிர்த்தாமல்.

அன்றைக்கே தனியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டார் நம் வக்கீல். மாமனார் கத்தவில்லை, தடுக்கவில்லை. வக்கீல் குடும்பம் அல்லவா, ஓர் ஒப்பந்தம் போட்டார். ஒரு வருஷம் தனியாக நடத்திப் பார்க்கலாம். கடைசி மாத வாடகையைச் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட முடிந்தால் மாப்பிள்ளை தன் வழியில் போகலாம். முடியாவிட்டால் மறுபேச்சில்லாமல் பழைய மேஜைக்கே திரும்ப வேண்டும். மனைவியின் சம்பளத்தைத் தொட்டால் அது கடன் என்று கருதப்படும். இதை நாலு பக்கத்துக்கு எழுதி, "வாடகை" என்றால் என்ன, "மாப்பிள்ளை" என்றால் யார் என்றெல்லாம் விளக்கம் கொடுத்திருந்தார். எழுதிக்கொடுத்ததற்குப் பில்லும் அனுப்பினார்.

ஒரு சலூனுக்கு மேலே மாடியறை கிடைத்தது. ஒரு மேஜை, கட்சிக்காரருக்குக் கைவைத்த நாற்காலி ஒன்று, கத்தரிக்கோல் சத்தம் கேட்கும் ஜன்னல் ஒன்று. முதல் வாரம் ஈ ஓட்டினார். ஓட்டிக்கொண்டே கீழே எட்டிப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. சலூன் சுவரில் முடிவெட்ட இவ்வளவு, முகச்சவரத்துக்கு இவ்வளவு என்று எழுதிய பலகை. தலையைக் கொடுத்தவன் எவனும் பயந்துகொண்டு உட்காரவில்லை. வாயால் கேட்கத்தானே கூச்சம், சுவர் கேட்கட்டுமே என்று வக்கீலுக்குத் தோன்றியது.

போர்டு பெயிண்டர் வந்தார். எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினார். பலகையில் வாடகை ஒப்பந்தம், உயில், வீட்டுப் பத்திரம் ஒவ்வொன்றுக்கும், எவ்வளவு நேரமானாலும், ஒரே விலை. மற்ற ஆலோசனைக்கு மட்டும் நேரத்தைப் பார்த்துக் கட்டணம். எல்லாம் எழுதி முடிந்தபோது வக்கீலுக்கு அந்த அம்மாள் ஞாபகம் வந்தது. "கீழ இன்னொரு வரி போடுங்க. அழும் நேரம் கணக்கில் சேராது."

பெயிண்டர் விரல் விட்டுப் பார்த்தார். "அழுகை இலவசம்னு போட்டா ஆறு எழுத்து மிச்சம் சார்."

"இலவசம்னா சோப்புக்கு சோப்புப்பெட்டி குடுக்குற மாதிரி இருக்குங்க. நான் சொன்னதையே போடுங்க."

மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்த மனைவி பலகையை மேலிருந்து கீழ் வரை படித்தார். யார் மகள் அவர்? கடைசி வரிக்கு வந்ததும் புருவம் ஏறியது.

"ஏங்க, அழுகைன்னா என்னன்னு விளக்கம் போடலையே?"

"அழுகைக்கு எதுக்கும்மா விளக்கம்? யாருக்குத் தெரியாது?"

பத்திரத்தில் "கதவு" என்று வந்தால் பூட்டு அதில் சேருமா, சாவி சேருமா என்று அரைப் பக்கம் விளக்குகிற மனிதர் இதைச் சொன்னார். விதி விளையாடுவதற்கு முன்னால் மனிதனின் புத்தியைக் கொஞ்சம் மழுக்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும் போலிருக்கிறது.

முதல் சில மாதம் நன்றாகத்தான் போயிற்று. உண்மையாகவே மனசு நொந்தவர்கள் வந்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், அழுதார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்கள், காசு கொடுத்தார்கள். ஒரு பிற்பகல் அத்தையே படியேறி வந்தார். அந்தக் கைவைத்த நாற்காலியில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நான் அழ வரல மாப்பிள்ளை. பேச வந்தேன். இது கணக்குல ஏறுமா?"

"உங்களுக்கா? பேசுங்க அத்தை."

அத்தை பேசினார். பால்கனிச் செடியில் பூச்சி விழுந்தது, பக்கத்து வீட்டுப் பூனை இவர்கள் வீட்டில் குட்டி போட்டது, மகள் சின்ன வயதில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. கண்ணாடிக் கதையையும் சொன்னார், முழுசாக. சொல்லி முடித்ததும் தன் கதையைத் தானே முதல் தடவையாகக் கேட்டவர் மாதிரி சிரித்தார். அந்தப் பிற்பகல் எவ்வளவு நேரம் போயிற்று என்று வக்கீல் பார்க்கவில்லை.

சனியன் ஒரு மரச்சாமான் கடைக்காரர் உருவத்தில் வந்தது. அவருக்குப் பங்குதாரருடன் தகராறு. பேச்சுக்கு நடுவே ஒருமுறை நிஜமாகவே கண் கலங்கினார். வக்கீல் கடிகாரத்தை நிறுத்தினார். கடைக்காரர் கலங்கிய கண்ணாலேயே அதைப் பார்த்துவிட்டார். வியாபாரி அல்லவா, அடுத்த முறை படியேறும்போதே கைக்குட்டையோடு வந்தார்.

"அவன் மேல கேஸ் போட்டா... ஐயோ... போட்ட முதல் திரும்ப வருமா சார்... ஐயோ... வட்டியோட வருமா, வட்டி இல்லாமலா?"

மூக்கால் அழுதுகொண்டே மூன்று சட்டச் சந்தேகங்களைத் தீர்த்துக்கொண்டு, ஒரு காசு கொடுக்காமல் போனார். போனவர் சும்மா போகவில்லை, கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அந்த மாடியறையில் நீலிக் கண்ணீர் வடிக்காத ஆளில்லை. வாடகை பாக்கி வைத்தவனும் அழுதான், பாக்கி வரவேண்டியவனும் அழுதான். கீழே முடிவெட்டிக்கொண்டிருந்தவர்கள் மேலே ஏதோ துக்கம் என்று எண்ணி ரேடியோவை நிறுத்தினார்கள்.

"கண்ணுல விடுற சொட்டு மருந்து எங்க கடையில ஸ்டாக்கே நிக்க மாட்டேங்குது. வாங்குறவங்க எல்லாம் நேரா உங்க ஆபீஸுக்குத்தான் போறாங்க" என்றார் மனைவி, சாப்பாட்டு மேஜையில். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

உச்சக்கட்டம் ஒரு அண்ணனும் தம்பியும். வீட்டைப் பாகம் பிரிக்க வந்தவர்கள். தம்பி அழுதுகொண்டே இருந்தார், அண்ணன் நிதானமாகக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். பில் கொடுத்ததும் அண்ணன் பலகையைக் காட்டினார். "அழும் நேரம்னுதானே சார் போட்டிருக்கு? யார் அழணும்னு போடலையே?"

வக்கீல் பலகையைத் திரும்பப் படித்தார். அந்த வாசகத்தை எழுதியது தானில்லாமல் எதிராளியாக இருந்திருந்தால், இதே கேள்வியை அவரே கேட்டு ஜெயித்திருப்பார். வயிற்றெரிச்சல் அதில்தான்.

பெயிண்டரை மறுபடி கூப்பிட்டார். கடைசி வரிக்குக் கீழே விளக்கங்கள் ஏறின. அழுகை என்பது கண்ணீருடன் கூடியதாக இருக்க வேண்டும். அழுதுகொண்டே கேட்கும் கேள்வி, கேள்வியாகவே கருதப்படும். ஒருவர் அழ மற்றவர் பேசினால் பேசுகிறவருக்குக் கட்டணம் உண்டு. பெயிண்டர் ஒவ்வொரு எழுத்தையும் அனுபவித்து எழுதினார். மறுநாளே மரச்சாமான் கடைக்காரர் வந்து, கண்ணீர் என்றால் இரண்டு கண்ணிலுமா, ஒரு கண் போதுமா என்று கேட்டார். அந்த வருஷம் சட்டத்தால் சம்பாதித்த ஒரே ஆள் பெயிண்டர்தான்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அத்தை போய்விட்டார். இரண்டு நாள் காய்ச்சல் என்றார்கள், மூன்றாம் நாள் இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமனார் "வந்ததுக்கு நன்றி" என்று சொல்லிக்கொண்டே நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நடுநடுவே மணிக்கட்டு திரும்பியது. கல்நெஞ்சு என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே ஆபீஸுக்குப் போய்விட்டார். நம் வக்கீலுக்கும் மனசில் கோபம்தான். மனைவி மட்டும் கோபப்படவில்லை. "அப்பா வீட்டுல எந்த நாற்காலியிலயும் உட்கார மாட்டேங்கிறார்" என்று மட்டும் ஒருநாள் சொன்னார்.

ஒப்பந்தத்தின் கடைசி நாள் வந்தது. இழுத்துப் பிடித்து எண்ணிப் பார்த்ததில் வாடகையில் கால்வாசி குறைந்தது. வக்கீல் கையைப் பிசைந்துகொண்டு அறையில் நடந்தார். திங்கட்கிழமையிலிருந்து பழைய மேஜை, பழைய துண்டுகள், அழுகிறவர்களை மேற்பார்வை பார்க்கும் பழைய பிழைப்பு. எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு வரி. போவதற்கு முன் அதையாவது அழித்துவிட்டுப் போகலாம் என்று பெயிண்டரை வரச்சொன்னார். அழிக்கவும் எழுத்துக்குத்தான் கூலி என்றார் பெயிண்டர். கீழே இருந்த விளக்கங்களை ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு நிறத்தில் மூடிக்கொண்டு வந்தார். கடைசியில் அந்த மூல வரி மட்டும் பாக்கி. தூரிகையைத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது.

மாமனார். மூச்சு வாங்க ஏறி வந்து, கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாடகை இருக்கா?"

"முக்கால்வாசி இருக்கு மாமா."

"அப்ப கால்வாசி இல்ல."

"இல்ல மாமா."

"திங்கக்கிழமை வந்துடு. உன் மேஜை அப்படியேதான் இருக்கு."

சொல்ல வந்தது முடிந்துவிட்டது. ஒரு துண்டுகூட ஆகியிருக்காது. ஆனால் மாமனார் எழுந்திருக்கவில்லை. நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்தார். பலகையை நிமிர்ந்து பார்த்தார். ஏணியில் நின்ற பெயிண்டர், தன்னைத்தான் பார்க்கிறார் என்று எண்ணி ஒரு வணக்கம் வைத்தார்.

"உங்க அத்தை இங்க வந்திருந்தாளாமே?"

"வந்திருந்தாங்க மாமா."

"இந்த நாற்காலியா?"

"இதேதான்."

"எவ்வளவு நேரம் இருந்தா?"

"பாக்கல மாமா."

பார்க்கவில்லை என்றால் எப்படி என்று வேறு நாளாக இருந்தால் கேட்டிருப்பார். இப்போது தொண்டையைச் செருமினார். "அழுற நேரம் கணக்குல சேராதுன்னு போட்டிருக்க. எனக்கு அழுகை வரல. வரும் வரும்னு பாத்தேன், வரல. சும்மா பேசாம உட்கார்ந்திருந்தா... அதுக்கு எவ்வளவு?"

"உங்ககிட்ட போய் காசு வாங்குவேனா மாமா" என்று சொல்ல வக்கீல் வாயெடுத்தார். சொல்லியிருந்தால் கிழவர் எழுந்து போயிருப்பார். ஆயுசு முழுக்க நேரத்துக்கு விலை போட்ட மனிதருக்குச் சும்மா கிடைக்கிற இடத்தில் உட்கார எப்படித் தெரியும்? வீட்டு நாற்காலிகளெல்லாம் சும்மா கிடைப்பவைதானே. வாழ்க்கையில் முதல்முறையாக நம் வக்கீல் கூச்சமில்லாமல் காசு கேட்டார்.

"முழுக் கட்டணம் மாமா."

"பேசாம இருந்தாலுமா?"

"நான் சும்மா பாத்துட்டு இருக்கணும் இல்லையா. அது மேற்பார்வை. அதுக்கும் அதே ரேட்டுதான்."

மாமனாரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணி மேஜையில் வைத்தார். "ஒரு மணி நேரத்துக்கு முன்பணம்."

வக்கீல் நோட்டுகளைப் பார்த்தார். "மாமா, இதை வாங்கினா வாடகைக்குச் சரியாப் போயிடும். அப்புறம் ஒப்பந்தப்படி..."

"எனக்குக் கணக்கு தெரியும் மாப்பிள்ளை."

மணிக்கட்டு பழக்கதோஷத்தில் திரும்பியது. மாமனார் அதைப் பார்த்தார், கடிகாரத்தைக் கழற்றினார், மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு பேசாமல் உட்கார்ந்திருந்தார். கீழே கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. வக்கீல் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். இவர்மேல் இத்தனை நாள் கோபப்பட்டோமே என்று அவருக்குச் சங்கடமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து மாமனார் கேட்டார். "இங்க வந்து என்ன பேசினா?"

"செடி, பூனைக்குட்டி, உங்க மக செருப்பை மாத்திப் போட்டது. அப்புறம் அந்தக் கண்ணாடிக் கதை."

"அதையா? முழுசா சொல்லி முடிச்சாளா?"

"முடிச்சாங்க மாமா."

"எனக்கு அது தெரியாது. எப்படி முடியும் அது?"

வக்கீல் பெயிண்டரைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்று. பெயிண்டர் புரிந்துகொண்டார். அந்த வரியைத் தொடாமல் ஏணியிலிருந்து இறங்கி, டின்னை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார்.

"கண்ணாடி தொலையவே இல்லையாம் மாமா. தினமும் அத்தைதான் எடுத்து ஒளிச்சு வெச்சாங்களாம். நீங்க அதைத் தேடுற நேரம் மட்டும்தான் காலையில கொஞ்சம் கூடுதலா வீட்டுல இருந்தீங்களாம்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்ததற்கு, பலகையின் கடைசி வரிப்படி, கட்டணம் கிடையாது.